180 சென்ட் மனை, 48 அங்குல கேட், ஒரு குளத்துச் சரிவு: எந்த ரைடிங் மோவர் வாங்கலாம்?

கேள்வி (சுருக்கம்)

அமெரிக்காவின் வட கரோலினாவில், ஷார்லட் நகரத்துக்குத் தெற்கே குடியிருக்கும் வாசகி ஒருவர் நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருப்பதால் சாரத்தை மட்டும் தருகிறேன்.

போன குளிர்காலத்தில் 1.8 ஏக்கர் மனையோடு வீடு வாங்கியிருக்கிறார்கள். மனையில் ஏறக்குறைய முப்பது சதவீதம் மரங்கள். அதற்கு முன்னால் சின்னக் குளம், குளத்தை நோக்கி இறங்கும் சரிவு. ஆள் வைத்துப் புல் வெட்ட ஒரு தடவைக்கு 130 டாலர் ஆகிறது. கணவருக்கு வாரத்தில் நான்கு நாள் வெளியூர் வேலை. அதனால் உட்கார்ந்து ஓட்டிப் புல் வெட்டும் மெஷின் (ரைடிங் மோவர்) வாங்கினால் ஓட்டப்போவது பெரும்பாலும் இவர்தான். கணவர் பார்த்து வைத்திருப்பது 54 அங்குல டெக் (பிளேடு சுழலும் அடிப்பெட்டி), 24 குதிரைத்திறன் எஞ்சின் உள்ள ஜீரோ-டர்ன் (ஸ்டியரிங்குக்குப் பதில் இரண்டு கம்பியால் ஓட்டும், நின்ற இடத்திலேயே திரும்பும் மோவர்). விலை 4,400 டாலர். இவர் ஒதுக்க நினைப்பது 3,000 டாலர். பக்கத்து வீட்டுக்காரர், 310 மணி நேரம் ஓடிய தன் லான் டிராக்டரை (ஸ்டியரிங் உள்ள, சின்ன டிராக்டர் வடிவ மோவர்) 900 டாலருக்குத் தருவதாகச் சொல்கிறார். டீலர் ஒருவர், சர்வீஸை வெளியில் செய்தால் வாரண்டி போய்விடும் என்கிறார். இதற்கு நடுவே, கோபிசெட்டிபாளையத்திலிருந்து ஆறு மாதம் தங்க வந்திருக்கும் அப்பா, ஊரில் வருஷக்கணக்கில் டிராக்டர் ஓட்டியவர், "பேரனை மடியில வெச்சுக்கிட்டு நானே ஓட்டிடறேன், நீ எதுக்குக் கவலைப்படறே?" என்கிறாராம். பையனுக்கு ஐந்து வயது.

"காசுக்கு ஏற்ற மெஷின் எது அண்ணா? சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறார்.

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

சுற்றி வளைக்கவில்லை. 54 அங்குல ஜீரோ-டர்ன் உங்களுக்கு வேண்டாம். 42 அங்குல டெக், இரண்டு சிலிண்டர் எஞ்சின், காலால் மிதித்து ஓட்டும் ஹைட்ரோஸ்டாட்டிக் டிரான்ஸ்மிஷன் (கியர் மாற்றாமல் ஆயில் அழுத்தத்தில் இயங்குவது), இந்த மூன்றும் உள்ள சாதாரண லான் டிராக்டர் போதும். சுமார் 2,300 முதல் 2,700 டாலருக்குள் முடியும். ஒதுக்கிய பணத்தில் மிஞ்சுவதற்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். ஆனால் "அண்ணா சொன்னார்" என்று மட்டும் கணவரிடம் போய் நின்றால் எடுபடாது. அவர் ஒன்றும் தெரியாமல் கேட்கவில்லை, தட்டையான ஒரு ஏக்கருக்கு அவர் தேர்வு நல்ல தேர்வுதான். உங்கள் நிலத்துக்கு ஏன் பொருந்தாது என்பதை விவரமாகவே எழுதுகிறேன்.

வேளாண் பொறியியல் படித்துவிட்டு இங்கே புல் வெட்டும் மெஷின்களைப் பழுதுபார்த்துப் பிழைக்கிறவன் நான். பட்டறைக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது எந்த பிராண்ட் என்பதைத்தான். நான் கேட்பது வேறு இரண்டு: உங்கள் மனையில் ஆகச் செங்குத்தான இடம் எது, ஆகக் குறுகலான வழி எது? மெஷினை முடிவு செய்வது அந்த இரண்டும்தான். நடுவில் இருக்கும் நல்ல புல்லை எந்த மெஷினும் வெட்டிவிடும்.

வெட்ட வேண்டிய இடம் எவ்வளவு?

1.8 ஏக்கர் என்றதும் அப்பா 180 சென்ட் என்று கணக்குப் போட்டிருப்பார். மனைக் கணக்கு சரி, புல் கணக்கு அது இல்லை. மொத்தம் 78,400 சதுர அடி. நீங்கள் சொன்ன மரங்கள் சுமார் 23,500 போகட்டும். வீடு, டிரைவ்வே, பின்பக்கத் தளம், ஷெட் எல்லாம் சேர்த்து 9,000 என்று வையுங்கள். மிஞ்சுவது 46,000 சதுர அடிக்குக் கொஞ்சம் குறைவு, அதாவது 105 சென்ட். குளத்துச் சரிவையும் கழித்துவிட்டால் (ஏன் கழிக்க வேண்டும் என்று பிறகு சொல்கிறேன்) 95 சென்ட்டுக்குப் பக்கத்தில் நிற்கும். இதெல்லாம் கடிதத்தைப் படித்துப் போட்ட தோராயம்தான். உங்கள் கவுண்டி (மாவட்டம் மாதிரி) நிர்வாகத்தின் ஜிஐஎஸ் என்ற இணைய நில வரைபடத்தைத் திறந்து, புல் இருக்கும் இடத்தை மட்டும் கோடு போட்டு அளந்து பாருங்கள். ஒரு பைசா செலவில்லை, பத்து நிமிஷ வேலை.

இப்போது நேரக் கணக்கு. டெக்கின் அகலத்தை அங்குலத்திலும், வேகத்தை மணிக்கு மைலிலும் எடுத்துப் பெருக்கி 99ஆல் வகுத்தால், மணிக்கு எத்தனை ஏக்கர் வெட்டலாம் என்பது வரும். ஒரு வரிசை மேல் இன்னொரு வரிசை கொஞ்சம் ஏறுவது, திருப்பங்கள், மரத்தைச் சுற்றுவது எல்லாம் போக அதில் எண்பது சதவீதம்தான் கையில் நிற்கும். 42 அங்குல டிராக்டர் 4 மைல் வேகத்தில் மணிக்கு 1.36 ஏக்கர். 54 அங்குல ஜீரோ-டர்ன் 6 மைல் வேகத்தில் மணிக்கு 2.6 ஏக்கர். உங்கள் 95 சென்ட்டுக்கு முன்னது 42 நிமிஷம், பின்னது 22 நிமிஷம். வாரத்துக்கு இருபது நிமிஷம் மிச்சம் பிடிக்க 1,900 டாலர் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள். அந்த இருபது நிமிஷமும் காகிதத்தில்தான். உங்கள் பக்கத்துச் செம்மண் களி காய்ந்தால் கட்டி கட்டியாக மேடு பள்ளம் ஆகிவிடும். சஸ்பென்ஷன் இல்லாத வீட்டு உபயோக ஜீரோ-டர்னில் 6 மைல் வேகத்தில் ஒரு சுற்று போய்வந்தால், அடுத்த சுற்றில் நீங்களே நாலுக்கு இறக்கிவிடுவீர்கள்.

போகிற போக்கில் நீங்கள் எழுதியிருந்த ஒரு வரியும் உண்டு: பக்கவாட்டு வேலியில் 48 அங்குல கேட். 54 அங்குல டெக் அதற்குள் போகாது, அவ்வளவுதான்! கணவரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள், பாதி வாதம் முடிந்துவிடும். 42 அங்குல டெக்கும் புல் தள்ளும் பக்கவாட்டு மூடியோடு சேர்த்தால் பொதுவாக 50 அங்குலத்தைத் தாண்டும். பிளேடை நிறுத்திவிட்டு மூடியை மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு போனால் நுழையும், ஆனால் கேட் தூணில் உரசாமல் போக நிதானம் வேண்டும். வாங்கும் முன் கையேட்டில் மூடி மடக்கிய அகலம் என்ன என்று பாருங்கள். முடிந்தால் கேட்டை 60 அங்குலமாக அகட்டிவிடுங்கள். ஒன்று மட்டும் கூடாது: கேட்டில் இடிக்கிறது என்று அந்த மூடியைக் கழற்றி ஷெட்டில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பிளேடில் மாட்டும் கல் வெளியே பறக்காமல் தரைப்பக்கம் தள்ளுவது அந்த மூடிதான்.

குதிரைத்திறன் பற்றி

24 என்ற எண்ணில் மயங்க வேண்டாம். 42 அங்குல டெக்குக்கு 18 முதல் 22 வரை தாராளம். அந்த எண்ணே ஒரு காலத்தில் வழக்காகிப் போனது தெரியுமா? லான் மோவர் எஞ்சின்களின் குதிரைத்திறனைக் கூட்டிக் காட்டி விற்றார்கள் என்று வாடிக்கையாளர்கள் கூட்டாக வழக்குப் போட, 2010இல் விஸ்கான்சின் மாநில மில்வாக்கியில் உள்ள ஃபெடரல் நீதிமன்றத்தில் 6.5 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. இப்போது பல மெஷின்களில் குதிரைத்திறனுக்குப் பதில் சிசி போடுவதைப் பார்க்கலாம். சிலிண்டர் ஒன்றா இரண்டா என்பது எண்ணைவிட முக்கியம். இரண்டு சிலிண்டர் என்றால் அதிர்வு குறைவு, ஏப்ரல் மாத ஈரப் புல்லில் திணறுவதும் குறைவு. இதற்குமேல் எஞ்சினில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம்.

பணம் வீணாவது பெரும்பாலும் எஞ்சினில் இல்லை, அடியில் இருக்கும் டிரான்ஸ்மிஷனில். மலிவு விலை டிராக்டர்கள் பலவற்றில் அது சீல் வைத்த பெட்டி, ஆயில் மாற்ற வழி வைத்திருக்க மாட்டார்கள். தட்டை நிலத்தில் புல் மட்டும் வெட்டினால் அது பல வருஷம் ஓடும். மேட்டில் ஏற்றி இறக்கி, பின்னால் விறகு வண்டியும் மாட்டி இழுத்தால் ஆயில் சூடாகி நீர்த்துப்போகும், கொஞ்சம் கொஞ்சமாக இழுவை குறையும். புதுசாக மாற்றும் செலவைக் கேட்டால் பழைய டிராக்டரே வாங்கிவிடலாம் போலத் தோன்றும். ஆகவே சரிவை மெஷினின் வேலையிலிருந்து எடுத்துவிட்டால் குறைந்த விலை மெஷினே போதும். சரிவையும் அதிலேயே வெட்டுவேன் என்றால் இன்னும் கனமான டிரான்ஸ்மிஷன் உள்ள 4,500, 5,000 டாலர் மெஷினுக்குப் போக வேண்டும். என் யோசனை முன்னது.

குளத்துச் சரிவு

இதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். ஜீரோ-டர்ன் வளைந்து வளைந்து போகிறதே, சரிவில் இன்னும் சுலபமாக இருக்குமே என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மை நேர்மாறு. பெரும்பாலான ஜீரோ-டர்ன்களில் முன்சக்கரம் இரண்டும் சூப்பர் மார்க்கெட் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி தானாகச் சுழல்கிறவை. திருப்புவது, ஓட்டுவது, நிறுத்துவது மூன்றையும் பின்சக்கரங்களே செய்கின்றன. ஈரப் புல்லில் பின்சக்கரம் வழுக்கியது என்றால் மூன்றும் ஒரே நேரத்தில் போய்விடும். மெஷின் தன் எடையோடு கீழ்நோக்கித் திரும்பும், நீங்கள் இரண்டு கம்பியையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். கீழே குளம். சரிவில் உருண்ட மோவர் ஆளை அடியில் வைத்து நீரில் விழுவது கற்பனை இல்லை. இந்த நாட்டில் ரைடிங் மோவர் மரணங்களில் வழக்கமாக வரும் கதைதான் அது.

சரிவை அளக்க ஒரு நேரான பலகையைப் புல் மேல் மேலிருந்து கீழாகப் படுக்க வையுங்கள். அதன் மேல் போனை வைத்து மட்டம் பார்க்கும் செயலியைத் திறந்தால் டிகிரி காட்டும். நான்கைந்து இடத்தில் பாருங்கள், சராசரி எடுக்காதீர்கள், ஆகப் பெரிய எண்தான் கணக்கு. 15 டிகிரிக்கு மேல் என்றால், அதாவது பத்தடி போவதற்குள் 2.7 அடிக்கு மேல் இறங்கினால், எந்த ரைடிங் மோவரும் வேண்டாம். பத்திலிருந்து பதினைந்துக்குள் என்றால் டிராக்டரில் வெட்டலாம். மேலும் கீழுமாகத்தான், குறுக்கே கூடாது, தரை காய்ந்திருக்க வேண்டும். ஜீரோ-டர்ன்களில் பலவற்றின் கையேடு பத்து டிகிரியிலேயே நிறுத்திவிடும். கையேட்டில் உள்ள எண் இதைவிடக் குறைவாக இருந்தால் அதுதான் செல்லும். இன்னொரு சோதனையும் உண்டு: சரிவில் பின்னோக்கி ஏற்ற முடியவில்லை என்றாலோ, உட்கார்ந்திருக்க மனசு கூசுகிறது என்றாலோ, அங்கே வெட்டாதீர்கள். தண்ணீர் விளிம்பிலிருந்து மெஷினின் அகலத்தைப் போல இரண்டு மடங்கு தூரமாவது எப்போதும் விட்டுவிடுங்கள்.

அப்படியானால் சரிவுப் புல்லை என்ன செய்வது? மிச்சப் பணத்துக்கு வேலை என்றேனே, அது இதுதான். ஒரு நல்ல பேட்டரி ஸ்ட்ரிங் டிரிம்மர் (இழை சுழன்று புல் வெட்டும் கைக்கருவி), முடிந்தால் தானாக நகரும் நடை மோவர் ஒன்று. நடை மோவரில் சரிவுக்குக் குறுக்கே நடக்க வேண்டும், டிராக்டருக்கு நேர் எதிர். கால் வழுக்கினால் மெஷின் மேல் விழாமல் பக்கத்தில் விழுவதற்காக.

அதைவிட எனக்குப் பிடித்த வழி, கரையோரம் பதினைந்து இருபது அடியை வெட்டாமல் விட்டுவிடுவது. வளர்ந்த புல் கரை மண்ணைப் பிடித்துக்கொள்ளும். கனடா வாத்துகளுக்கு உயரமான புல் பிடிக்காது, கூட்டம் கூட்டமாக ஏறிவந்து முற்றத்தை அசிங்கம் செய்வதும் குறையும். குளிர்காலக் கடைசியில் ஆள் வைத்து ஒருமுறை வெட்டினால் போதும். எச்ஓஏ (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். குளத்தின் ஒரு பக்கம் மண் அணைக்கரை என்றால் அங்கே மட்டும் செடியும் மரமும் முளைக்க விடக்கூடாது, வேர் கரையைத் துளைத்துவிடும்.

பக்கத்து வீட்டு மெஷின்

900 டாலர், 310 மணி நேரம். உங்கள் கணக்கில் வருஷத்துக்கு 28 வெட்டு, ஒவ்வொன்றும் ஓரம் சீர் செய்வது நீங்கலாக ஒரு மணி நேரத்துக்குள். அதாவது வருஷத்துக்கு இருபது, இருபத்தைந்து மணி நேரம். ஒழுங்காகப் பராமரித்த ஆரம்ப விலை டிராக்டர் 500 மணி நேரம் ஓடுவதைச் சாதாரணமாகப் பார்க்கிறேன். எனவே நிராகரிக்க வேண்டாம், சோதித்துப் பாருங்கள்.

நீங்கள் போகும்போது எஞ்சின் குளிர்ந்திருக்க வேண்டும், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் போங்கள். ஸ்டார்ட் ஆகும்போது நீலப் புகை தொடர்ந்து வந்தால் ஆயில் எரிகிறது. அப்புறம் அரை மணி நேரம் புல் வெட்டிவிட்டு, சூடு ஏறிய பிறகு அவர் வீட்டு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். டிரான்ஸ்மிஷன் தேய்ந்திருந்தால் குளிர்ந்த நிலையில் காட்டிக்கொள்ளாது, சூட்டில்தான் மேட்டில் நின்று முனகும். டெக்கின் அடியை ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள், உள்ளே போனால் துரு தின்றுவிட்டது. எஞ்சினை நிறுத்தி, ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றி, கையுறை போட்டுக்கொண்டு பிளேடை மேலும் கீழும் ஆட்டுங்கள். ஆடினால் பிளேடு சுழலும் தண்டின் பேரிங் (ஸ்பிண்டில் பேரிங்) போயிருக்கிறது, அது நூறு இருநூறு டாலர் விவகாரம், விலையில் குறைக்கச் சொல்லலாம். மணி மீட்டரை மட்டும் நம்பாதீர்கள். 310 மணி நேரம் என்று மீட்டர் சொல்லும்போது மிதிகட்டையின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், எது உண்மை பேசுகிறது என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

எல்லாம் தேறினால் 700, 750க்குக் கேளுங்கள். வாங்கிய பிறகு கெட்டுப்போனால் கேட்க வழியில்லை என்பதும், பக்கத்து வீட்டுக்காரரோடு உறவு கசக்கலாம் என்பதும் அந்த விலைக்குள் அடக்கம்.

கடையிலா, டீலரிடமா?

ஒரே கம்பெனி டிராக்டர் பெரிய கடையில் வாங்கினால் மட்டமான சரக்கு, டீலரிடம் வாங்கினால் நல்ல சரக்கு என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாடல் எண் ஒன்றே என்றால் மெஷினும் ஒன்றே. ஜான் டீரின் எஸ்100 வரிசை ஹோம் டிப்போ, லோஸ் என்ற பெரிய கடைகளிலும் டீலரிடமும் கிடைக்கிறது. மூன்றும் ஒரே மெஷின்தான், வாரண்டி 2 வருஷம் அல்லது 120 மணி நேரம். டீலரிடம் மட்டும் கிடைக்கும் எக்ஸ்300 வரிசை வேறு ரகம், வேறு விலை. அதற்கு 4 வருஷம் அல்லது 300 மணி நேரம். குழப்பம் இந்த இரண்டு வரிசையையும் ஒன்றாகப் பார்ப்பதால் வருகிறது.

ஆனாலும் விலை ஒன்றாகவே இருந்தால் டீலரிடம் வாங்குங்கள் என்பேன். மே மாதம் பெல்ட் அறுந்தால் மெஷினை வந்து ஏற்றிக்கொண்டு போக உங்களிடம் டிரெய்லர் இல்லை, கணவரும் ஊரில் இருக்க மாட்டார். வாங்கும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள்: வீட்டுக்கு வந்து எடுத்துப்போக எவ்வளவு, சீசனில் எத்தனை நாள் காக்க வேண்டும்? அந்தப் பதில்தான் பிராண்டைவிட உங்களுக்கு உதவும்.

உங்கள் உயரம் ஐந்தடி ஒன்று என்கிறீர்கள். கட்டாயம் ஏறி உட்கார்ந்து பாருங்கள். சீட்டை முன்னால் தள்ளியும் மிதிகட்டை முழுதாக எட்டவில்லை என்றால் வேறு மாடல் பாருங்கள். எடை குறைந்தவர்கள் மேடு பள்ளத்தில் போகும்போது சீட்டுக்கு அடியில் இருக்கும் பாதுகாப்பு சுவிட்ச் விடுபட்டு எஞ்சின் நின்று நின்று போவது உண்டு. சீட் ஸ்பிரிங்கைத் தளர்த்தித் தரச் சொன்னால் டீலர் செய்து தருவார். ஒரு துண்டு வயரில் சுவிட்சைக் கட்டிவிடும் வீடியோக்கள் ஏராளம், அந்தப் பக்கம் போகாதீர்கள். நீங்கள் கீழே விழும்போது பிளேடை நிறுத்தக்கூடியது அது ஒன்றுதான்.

பேட்டரி மெஷின் பற்றி ஒரு வரி கேட்டிருந்தீர்கள். ஒரு ஏக்கருக்கு அது நன்றாகவே பொருந்தும். சத்தம் குறைவு, ஆயில் இல்லை. ஆனால் ஆரம்ப விலை பெரும்பாலும் உங்கள் 3,000ஐத் தாண்டும், சில வருஷம் கழித்துப் பேட்டரி மாற்றும் செலவும் பெரிது. ஏற்கெனவே அதே கம்பெனியின் பேட்டரிக் கருவிகள் வீட்டில் இருந்தால் யோசிக்கலாம்.

வாரண்டியும் கடனும்

சர்வீஸை எங்களிடமே செய்தால்தான் வாரண்டி என்று அந்த டீலர் சொன்னது சட்டப்படி நிற்காது. 1975இல் வந்த மேக்னசன்-மாஸ் வாரண்டி சட்டப்படி, சர்வீஸையோ பாகத்தையோ இலவசமாகக் கொடுத்தால் ஒழிய, எங்கள் கடையில்தான் ஆயில் மாற்ற வேண்டும், எங்கள் ஃபில்டர்தான் போட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை வைக்கக்கூடாது. நீங்கள் போட்ட வேற்றுப் பாகத்தால்தான் பழுது வந்தது என்றால் அந்தப் பழுதை மட்டும் மறுக்கலாம். ஆகவே ஆயிலை நீங்களே மாற்றலாம். ஆயில், ஃபில்டர் ரசீதை வைத்துக்கொள்ளுங்கள், மாற்றிய தேதியையும் மணி மீட்டரையும் அதன் பின்னால் எழுதி வையுங்கள். அதே நேரம், பக்கத்து வீட்டுப் பாட்டியம்மாவுக்கும் வெட்டிக்கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். அன்புக்காக என்றால் சரி. காசு வாங்கினால் அது தொழில் உபயோகம், வீட்டு உபயோக வாரண்டி பெரிதாகச் சுருங்கிவிடும். விபத்து நடந்தால் உங்கள் வீட்டு இன்சூரன்ஸும் வேறு கண்ணோடு பார்க்கும். உங்கள் மனைக்கு வெளியே ஓட்டும்போது எதுவரை காப்பு உண்டு என்று ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

கடை அட்டையில் "12 மாதத்துக்குள் முழுதும் கட்டினால் வட்டி இல்லை" என்று இருந்தால் கவனம். பன்னிரண்டாவது மாதம் முடியும்போது 50 டாலர் பாக்கி இருந்தாலும், வாங்கிய நாளிலிருந்து வட்டியைச் சேர்த்துத் தலையில் கட்டுவார்கள். சமமாகப் பிரித்த மாதத் தவணையில் பூஜ்ய வட்டி என்பது வேறு, அதில் இந்தப் பொறி இல்லை. எது என்று கையெழுத்துப் போடும் முன் படித்துப் பாருங்கள்.

அப்பாவும் பேரனும்

இதில் மட்டும் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. மடியில் குழந்தை கூடாது. மெதுவாகக்கூட, பிளேடை நிறுத்திவிட்டுக்கூட வேண்டாம். காரணம் அந்த ஐந்து நிமிஷம் மட்டும் இல்லை. மெஷின் என்றால் தாத்தாவோடு சவாரி என்று பையன் மனசில் பதிந்துவிட்டால், அடுத்த வாரம் சத்தம் கேட்டதும் ஓடி வருவான், பின்பக்கமாக. நீங்கள் ரிவர்ஸில் வரும்போது அவன் டெக்கின் அடியில் சிக்கிவிடலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் அகாடமி, ரைடிங் மோவரில் யாரையும் கூட ஏற்றக்கூடாது, 16 வயதுக்குக் கீழ் யாரும் ஓட்டக்கூடாது, ஆறு வயதுக்கு உட்பட்டவர்கள் வெட்டி முடிக்கும்வரை வீட்டுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் பையனுக்கு ஐந்து.

அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உங்கள் சங்கடம், புரிகிறது. அவர் கைத்திறமையைக் குறை சொல்கிற மாதிரி பேச வேண்டாம். சேற்று உழவுக்கு இரும்புச் சக்கரம் மாட்டி வயலில் டிராக்டர் இறக்கியவருக்கு இந்த மெஷின் ஒரு பொருட்டே இல்லை. வித்தியாசம் ஒன்றுதான்: உழவு டிராக்டரில் ஆபத்து பின்னால் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் இருந்தது, இதில் சீட்டுக்கு அடியில் மறைந்திருக்கிறது. "அப்பா, நீங்க முன்பக்கம் தட்டையான இடத்துல மட்டும் ஓட்டுங்க, குளத்துப் பக்கம் வேண்டாம், அவன் அந்த நேரம் என்கூட உள்ளே இருக்கட்டும்" என்று பொறுப்பைக் கையில் கொடுத்துச் சொன்னால் கேட்பார் என்று நினைக்கிறேன். காது மூடி, ஷூ இரண்டும் வேண்டும். செருப்போடு ஏறுவார், அதற்கு மட்டும் சண்டை போடுங்கள். பெரும்பாலான மெஷின்களில் பிளேடு ஓடும்போது ரிவர்ஸ் போட்டால் எஞ்சின் நின்றுவிடும், அதை மீறுவதற்குத் தனி பட்டனோ சாவி நிலையோ இருக்கும். அந்தப் பட்டன் இருப்பதையே அவரிடம் சொல்ல வேண்டாம்.

எப்போது வாங்குவது?

வசந்தத்தில் விலை உச்சத்தில் இருக்கும், தள்ளுபடி கேட்டால் சிரிப்பார்கள். செப்டம்பர் கடைசியிலிருந்து கடைகள் இடத்தைக் காலி செய்யத் தொடங்கும். உங்கள் புல் டால் ஃபெஸ்க்யூ வகை என்கிறீர்கள். அது ஜூலை, ஆகஸ்ட் வெயிலில் மந்தமாகி, குளிர ஆரம்பித்ததும் மறுபடி வேகம் பிடிக்கும். இந்தக் கோடையை ஆள் வைத்தே ஓட்டிவிட்டு இலையுதிர்காலத்தில் வாங்கினால், இடையில் ஐந்தாறு வெட்டுக்கு 130 வீதம் கொடுத்தது போக மிச்சம் பெரிதாக இருக்காது. ஆனால் டீலரோடு நிதானமாகப் பேசவும், பக்கத்து வீட்டு டிராக்டரைச் சோதிக்கவும், கேட்டை அகட்டவும் நேரம் கிடைக்கும். சரிவை அளந்து பார்த்துவிட்டு, அப்புறம் பணத்தை எடுங்கள்.

மெஷின் வந்து இறங்கியதும் டயர் காற்று, ஆயில் அளவு இரண்டையும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கடைக்கு வரும்போது டயரில் காற்றைக் கூடுதலாக அடித்து அனுப்புவது உண்டு, அப்படியே ஓட்டினால் புல் ஒரு பக்கம் உயரமும் ஒரு பக்கம் மொட்டையுமாக வரும். டெக்கின் உயரத்தை மூன்றரை அங்குலத்தில் வையுங்கள். பெட்ரோல் பத்து சதவீத எத்தனாலுக்கு மேல் வேண்டாம். பம்பில் 88 என்று எழுதிய மலிவான பெட்ரோல் பதினைந்து சதவீதம், காருக்குச் சரி, இதற்கு ஆகாது.